கவிழ்ந்த படகு நிமிரவில்லையா? எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள்

கொடைக்கானல் ஏரியில் பாய்மரப் படகு கவிழப் புயல் வர வேண்டியதில்லை. நட்சத்திரம் மாதிரி நாலாபக்கமும் கை நீட்டிக் கிடக்கிற ஏரி இது. ஒரு கையிலிருந்து நடு ஏரிக்கு வரும்போது, கரை மரங்களின் மறைவில் காற்றே இல்லாமல் பாய் துவண்டு தொங்கும். மரவரிசை முடிகிற இடத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரே அறை. பாய்க்கயிற்றைத் தளர்த்துவதற்குள் படகு படுத்துவிடும்.

2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே வேகக் காற்று இங்கே பாயைச் சற்று மெதுவாகத்தான் தள்ளும். ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது. இங்கே படகைக் கவிழ்ப்பது காற்றின் பலமல்ல, அது திசை மாறுகிற வேகம்.

நான் ஓட்டுவது இரண்டு பேர் ஏறும் பழைய பிளைவுட் படகு. நான்கு மீட்டர் நீளம், ஓடு, அதாவது படகின் உடல் மட்டும் 100 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பெரியவர்கள் அதைவிடக் கனம். ஆகவே படகு நிமிர மறுத்தால் அதற்குக் காரணம் படகின் கனம் இல்லை. ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பாயில் தேங்கிய தண்ணீர், தப்பான பக்கத்துக் காற்று, கொடிப்பாசி, சேறு, உள்ளே நிரம்பிய தண்ணீர் என்று இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். எது என்று தெரியாமல் இழுத்தால் படகு வராது, உங்கள் கைதான் ஓயும். இந்த ஏரியின் குளிரில் கை ஓய்வதுதான் உண்மையான ஆபத்து.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஏரியை 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கிய, மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை, தூத்துக்குடியிலிருந்துதான் இங்கே படகு கொண்டுவந்தார் என்பார்கள். அந்த உரிமையில் கடற்கரைச் சொற்கள் சிலவற்றை நானும் எடுத்துக்கொள்கிறேன். படகின் முன்முனை அணியம். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயை இறுக்கித் தளர்த்தும் கயிற்றைப் பாய்க்கயிறு என்றே சொல்கிறேன். பெரிய பாய்க்கு முன்னால் இருக்கும் சின்னப் பாய் முன்பாய். பாய்மரத்தைச் சுருக்கமாக மரம் என்பேன். படகின் நடுவில் ஒரு பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும் பலகை நடுப்பலகை. கவிழ்ந்த படகை நிமிர்த்த நமக்குக் கிடைக்கிற ஒரே நெம்புகோல் அந்தப் பலகைதான்.

எந்தக் கவிழ்ப்பாக இருந்தாலும் முதல் வேலை

தலைகளை எண்ணுங்கள். உங்களோடு வந்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் காதில் விழுந்த பிறகுதான் படகைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரில் விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கையில் இருக்காது. நெஞ்சு தானாக விம்மி விம்மி இழுக்கும். அந்த நேரத்தில் நீந்தவோ படகில் ஏறவோ முயன்றால் தண்ணீரைக் குடிப்போம். லைஃப் ஜாக்கெட் தாங்கும். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்து, மூச்சு சீராகும்வரை சும்மா இருங்கள். அது தன்னால் அடங்கும்.

பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டவர் பயப்பட வேண்டியதில்லை. ஒரு கையால் பாயை மேலே தள்ளினால் ஈரத்துணி கூடாரம் மாதிரி எழும்பி, முகம் வைக்கிற அளவுக்குக் காற்று கிடைக்கும். அப்புறம் பாயில் ஓடுகிற ஏதாவது ஒரு தையலைக் கையால் தடவிப் பிடித்து, அதை விடாமல் ஒரே திசையில் போக வேண்டும். தையல் எப்படியும் ஓரத்தில் போய் முடியும். திசை மாற்றினால்தான் பாய்க்கடியிலேயே சுற்றிக்கொண்டிருப்போம். இதை என் அக்கா மகனுக்குக் கரையிலேயே பழக்கினேன். போர்வைக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு தையலைப் பிடித்து வெளியே வரச் சொன்னேன். இரண்டாவது தடவையே பதற்றம் போய்விட்டது.

படகை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். ஏரியைச் சுற்றி ஓடும் சாலையில் போகிற சைக்கிள்காரரின் முகம்கூடத் தெரியும், அவ்வளவு பக்கம்போல இருக்கும். நனைந்த ஸ்வெட்டரோடும் ஜீன்ஸோடும் நீந்தினால் அந்தத் தூரம் மூன்று மடங்காகும். தேடி வருகிறவர் கண்ணுக்கும் ஒரு தலையைவிடக் கவிழ்ந்த படகு சீக்கிரம் படும். மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஒரு விசில் கட்டியிருக்கட்டும்.

படகு பக்கவாட்டில் கிடக்கிறது, நடுப்பலகையில் ஏறி நின்றும் எழவில்லை

வழக்கமான முறை இது. ஒருவர் பின்பக்கமாகச் சுற்றிப் போய் நடுப்பலகையைப் பிடிக்கிறார். இன்னொருவர் படகின் உட்பக்கம் இருந்துகொண்டு பாய்க்கயிறுகளை விடுவித்து, முன்பாயின் கயிற்றை ஓட்டின் மேலாக அவருக்கு எறிகிறார். வெளியே இருப்பவர் பலகையில் ஏறி அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்கிறார். உள்ளே இருப்பவர் தண்ணீரில் படுத்தபடி படகின் உட்பக்கம் காலை மாட்டிக்கொள்ள வைத்திருக்கும் பட்டையைப் பிடித்துக்கொள்கிறார். படகு நிமிரும்போது அவரையும் வாரிக்கொண்டு எழும். உள்ளே ஒருவர் இருப்பதால் மறுபடி கவிழ்வதும் குறையும்.

எழவில்லை என்றால் முதலில் கயிறுகளைப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை முன்பாயின் கயிறு அதைக் கவ்விப் பிடிக்கும் பற்களில் மாட்டியபடியே இருக்கும். கவிழும் நேரத்தில் அதை யாரும் நினைப்பதில்லை. இறுக்கிய பாய் தண்ணீரைக் கிண்ணம்போல ஏந்திக்கொள்ளும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், இழுக்கிற முறையே மாறிவிடும். லேசர் ரகத் தனியாள் படகின் ஓடு 59 கிலோ. அதன் பாய் 7.06 சதுர மீட்டர். அந்தப் பாயின்மேல் ஒரே ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலும் 70 லிட்டர், அதாவது 70 கிலோ. படகைவிட அதன் பாயில் நிற்கும் தண்ணீர் கனம். அதைப் பாய்மரத்தின் நுனியில் வைத்துக்கொண்டு தூக்கப் பார்க்கிறோம்.

ஆகவே வெடுக்கென்று இழுக்காதீர்கள். உடல் எடையைப் பின்னால் சாய்த்து அப்படியே நில்லுங்கள். மரத்தின் நுனி முதலில் ஒரு சாண் எழும்பும். அங்கேயே நிறுத்துங்கள். பாயின் ஓரத்திலிருந்து தண்ணீர் சரசரவென்று வழிவது காதில் விழும். அந்தச் சத்தம் மெலிந்த பிறகு அடுத்த சாய்வு. முதல் ஒரு முழம்தான் கஷ்டம். பாய் தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் படகு தானே விறுவிறுவென்று எழும்.

எடை குறைந்தவர்கள் பலகையின் நுனிப்பக்கம் நகர்ந்தால் நெம்பு கூடும். ஆனால் பழைய மரப்பலகையின் நுனியில் குதிக்கக் கூடாது. ஓட்டை ஒட்டி ஏறி, மெல்ல வெளியே நகருங்கள். அப்படியும் வரவில்லையா? ஆஞ்சானை அவிழ்த்துப் பாயை இறக்கிவிடுங்கள். வெறும் மரத்தை ஒரு பள்ளிப் பிள்ளைகூட நிமிர்த்திவிடும். பாயோடு நிமிர்த்தியே தீருவேன் என்ற பிடிவாதத்தில் அரைமணி நேரம் தண்ணீரில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

பாய் இறங்கியும் நுனி எழவில்லை என்றால் கொடிப்பாசி. ஏரியின் ஓரங்களில் நீர்ச்செடிகள் பின்னிக் கிடக்கும். மரத்தோடு நீந்திப் போய் நுனியில் சுற்றியிருப்பதைக் கையால் உருவி எடுக்க வேண்டும். காலை உதைக்காமல், கையால் மட்டும் நகருங்கள். உதைத்தால் உங்கள் காலிலும் சுற்றும்.

நிமிர்ந்தது, நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் கவிழ்ந்தது

காற்று தப்பான பக்கத்தில் இருக்கிறது. கவிழ்ந்த புதிதில் மரம் காற்று போகும் திசையில் கிடக்கும். ஆனால் தண்ணீரில் அமிழ்ந்த பாய் நங்கூரம்போல நின்றுவிட, மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஓட்டைக் காற்று தள்ளிச் சுற்றிவிடும். கொஞ்ச நேரத்தில் மரம் காற்று வரும் பக்கம் நீட்டியிருக்கும். அந்த நிலையில் தூக்கினால் பாயின் நுனி எழும்பியதுமே காற்று அடியில் புகுந்து, படகை உங்கள் தலைமேல் புரட்டிப் போடும்.

இதற்கு மருந்து அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்புவதுதான். இரண்டு பேரில் ஒருவர் அணியத்துக்கு நீந்திப் போய், அதைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்கினால் போதும். இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். தண்ணீரில் அவர் உடம்பே நங்கூரம். படகின் மற்ற பகுதி காற்றில் மெல்ல நகர்ந்து, அணியம் தானாகக் காற்றைப் பார்க்கும். அதற்கு ஓரிரு நிமிடம் ஆகும், பொறுத்திருங்கள். அதன்பிறகு தூக்கினால் பாய் வெறுமனே படபடக்கும், படகு நிற்கும்.

தனியாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. படகு எழும்போது நடுப்பலகையை விடாமல் கட்டிப்பிடித்து, அதோடு தண்ணீருக்குள் போய் மறுபக்கம் வெளியே வர வேண்டும். உங்கள் எடை பலகையில் தொங்குவதால் படகு மறுபக்கம் விழும் வேகம் குறையும். மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகியவர்களுக்கு மட்டும்தான் இது.

முழுக்கத் தலைகீழாகிவிட்டது

ஓட்டின் அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கிறது. காற்று வரும் பக்கத்து விளிம்பில் கால் வைத்து ஏறி, நடுப்பலகையைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். அப்படிச் சாய்ந்தால் மரம் காற்று போகும் பக்கமாக மேலே வரும், அதுதான் நமக்கு வேண்டியது. முதலில் படகு அசையவே அசையாது, உள்ளே இருக்கும் தண்ணீர் உறிஞ்சிப் பிடித்திருக்கும். பின்மூலையில் எடையை வைத்து அந்த மூலையை அமுக்கினால் ஒரு ‘பக்’ சத்தத்தோடு பிடி விடும்.

பலகை உள்ளே சரிந்து போய்விட்டதா? தலைகீழான படகில் இது நடக்கும். அதற்காகப் படகுக்கு அடியில் முங்க வேண்டாம். பிளவில் நுனி தெரிந்தால் விரலால் கிள்ளி இழுங்கள். தெரியாவிட்டால், முன்பாயின் கயிற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து ஓட்டின் மேலாக எடுத்து, விளிம்பில் நின்று அதைப் பிடித்துச் சாயுங்கள். படகு பாதி திரும்பியதும் பலகையை வெளியே தள்ளிக்கொள்ளலாம். பலகை நழுவாதபடி ஒரு ரப்பர் கயிற்றைக் கரையிலேயே கட்டிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தலைகீழாக நிற்கிறது, எந்தப் பக்கமும் அசையவில்லை

மரம் சேற்றில் குத்தியிருக்கிறது. கடலில் பழகியவர்களுக்கு இது புதிது. எங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பாய்மரம் ஆறு மீட்டருக்கு மேல். ஏரியின் கைகளிலோ அந்த ஆழம் கிடையாது. அடியில் பல்லாண்டு வண்டல்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்கும் அக்கா மகனுக்கும் நடந்தது. படகு தலைகீழானதும் அவன் ஓட்டின்மேல் ஏறி நின்றுவிட்டான்.

“மாமா, நான் இந்தப் பக்கம் மிதிக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் இழுங்க.”

அவன் மிதிக்க மிதிக்க ஓடு தாழ்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டில் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் மரத்தை ஆணி அடிக்கிற மாதிரி சேற்றுக்குள் இறக்குகிறது.

“இறங்குடா தம்பி. ஏறாதே, தண்ணிக்கு வா. சும்மா பிடிச்சுக்க.”

இறங்கினான். ஓடு நாலு விரல் உயர்ந்தது. அங்கேதான் வழி இருந்தது. படகு மேலே வரத்தான் பார்க்கிறது, நாம் அதை அமுக்காமல் இருக்க வேண்டும். விசில் ஊதினோம். துடுப்புப் படகில் ஒருவர் வந்தார். படகின் எதிர் விளிம்பில், மரத்தைத் தாங்கும் கம்பி ஓட்டில் வந்து சேருகிற இடத்தில் கயிற்றைக் கட்டி, ஓட்டின் மேலாகக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தோம். அவர் படகுக்குக் குறுக்காக, சீராக வலித்தார். வெட்டி இழுக்கவில்லை. வெட்டி இழுத்தால் மரம் வளையும், இல்லாவிட்டால் கம்பி பிய்ந்து வரும். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீருக்கடியிலிருந்து குமிழிகள் கிளம்பின. படகு மெல்லப் பக்கவாட்டில் புரண்டது. வெளியே வந்த மர நுனியில் ஒரு முழத்துக்குக் கருஞ்சேறு, அதில் ஒட்டிக்கொண்டு ஓர் அல்லித் தண்டு. எங்கள் இருவருக்கும் உதடு நீலம்.

அன்று மாலையே ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கழுவி, மூடியை இறுக்கி டேப் சுற்றி, மர நுனியில் கட்டினேன். ஐந்து லிட்டர் காற்று ஐந்து கிலோவைத் தூக்கும். ஆறு மீட்டர் நெம்பின் நுனியில் ஐந்து கிலோ என்பது சின்ன விஷயமல்ல. அதற்கப்புறம் பல தடவை கவிழ்ந்திருக்கிறோம். ஒரு தடவைகூடப் படகு தலைகீழாகவில்லை, பக்கவாட்டிலேயே நின்றுகொள்கிறது. பார்க்க நன்றாக இல்லை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நீங்கள் கட்டுங்கள்.

நிமிர்ந்துவிட்டது, ஆனால் உள்ளே விளிம்புவரை தண்ணீர்

இரண்டு பேரும் ஏறாதீர்கள். உள்ளே 300 லிட்டர் என்றால் 300 கிலோ ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. படகு லேசாகச் சாய்ந்தால் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கம் சாடும், மறுபடி கவிழும். ஒருவர் மட்டும் பின்பக்கம் வழியாக ஏறி, நடுவில் தாழ உட்கார்ந்து இறைக்க வேண்டும். மற்றவர் அணியத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே இருக்கட்டும். கிண்ணம் போதாது, வாளி வேண்டும். வாளி கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவிழும்போதே போய்விடும்.

இறைக்க இறைக்கக் குறையவில்லையா? நடுப்பலகையின் பிளவைப் பாருங்கள். படகு தாழ்ந்து கிடந்தால் அந்தப் பெட்டியின் மேல்வாய் ஏரியின் மட்டத்துக்குக் கீழே போயிருக்கும். ஒரு வாளி வெளியே ஊற்றினால் ஒரு வாளி அங்கே கொப்புளித்து உள்ளே வரும். எதையாவது அதில் அடைக்க வேண்டும். ஒருமுறை நான் கழுத்திலிருந்த கம்பளி மஃப்ளரைக் கழற்றி, மடித்துப் பிளவில் நெருக்கித் திணித்தேன். பத்தே வாளியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கம்பளி ஊறி உப்பி நன்றாக அடைத்துக்கொள்கிறது. மங்கி கேப்பும் ஆகும். பெட்டியின் வாய் மட்டத்துக்கு மேலே வந்ததும் எடுத்துவிடலாம்.

ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தே இருந்தால் அந்தப் பக்கத்துக் காற்றுப் பை ஓட்டை. அதோடு பாயேற்றாதீர்கள். இறைத்துவிட்டு, எடையை மறுபக்கம் வைத்து, துடுப்பால் கரைக்கு வாருங்கள். குழந்தைகள் பழகும் ஆப்டிமிஸ்ட் படகில் இதைக் கரையிலேயே பார்த்துவிட வேண்டும். 2.3 மீட்டர் நீளமுள்ள அந்தச் சின்னப் பெட்டியை மிதக்க வைப்பது உள்ளே கட்டிய மூன்று காற்றுப் பைகள்தான். மூன்றையும் அழுத்திப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் ஏற்றக் கூடாது.

நிமிர்ந்த படகு ஆளை விட்டுவிட்டு ஓடுகிறது

பாய்க்கயிறு எங்கோ மாட்டியிருக்கிறது. துரத்தி நீந்த முடியாது. நிமிர்த்தும் நேரம் முழுக்கப் படகோடு கட்டிய கயிறு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

படகு சரியாகிவிட்டது, ஆள் சரியாக இல்லை

மார்கழி, தையில் இந்தக் கரைப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் காலத்து ஏரித் தண்ணீரில் நிமிர்த்தும் முயற்சியை இரண்டு, மூன்று தடவைக்கு மேல் நீட்டக் கூடாது. விசிலை ஊதி உதவி கேளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். இருவர் என்றால் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளுங்கள்.

நடுங்குகிறவரைப் பற்றிப் பயமில்லை, உடம்பு தன் வேலையைச் செய்கிறது. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலே நடுக்கத்தை நிறுத்தினால், பேச்சுக் குழறினால், கயிற்றுமுடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் விழித்தால், அங்கேதான் கவலைப்பட வேண்டும். படகு கிடக்கட்டும், அவரைக் கரையேற்றுங்கள். ஈரத்துணி முழுவதையும் கழற்றி, உலர்ந்த கம்பளியில் தலையோடு சேர்த்துச் சுற்றுங்கள். கை காலைத் தேய்க்கக் கூடாது. ‘கொஞ்சம் பிராந்தி கொடுங்க, சூடேறும்’ என்று கரையில் யாராவது சொல்வார்கள், கொடுக்கவே கூடாது. அது இருக்கிற சூட்டையும் தோல் வழியாக வெளியேற்றும். தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான டீ. இல்லாவிட்டால் நேரே மருத்துவமனை.

இடி கேட்டால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் பிற்பகல் மழை மேகம் மலைக்குப் பின்னாலிருந்து சொல்லாமல் வந்து நிற்கும். ஏரி நடுவில் உயரமாக நிற்பது உங்கள் பாய்மரம்தான். முதலில் வருகிற எந்தப் படகிலும் ஏறிக் கரைக்குப் போய்விடுங்கள். உங்கள் படகு கவிழ்ந்தபடியே மழையில் நனைந்து கிடக்கட்டும், வானம் வெளுத்த பிறகு போய் இழுத்து வரலாம்.